அட்டையில் ஆறடி

டில்மர், ஓக்லஹோமா
ஏப்ரல் 6

அன்பு மருமகன் கோல்பிக்கு,

டெல்பர்ட் மாமா எழுதுவது. உன் அம்மா வெர்னா கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். நான் அவளைவிட ஒரு படி மேல். என் முட்டி மட்டும் மழை வரப்போவதை டிவிக்காரனுக்கு முந்திச் சொல்லிவிடுகிறது. உன் உடம்பு எப்படி? அந்த அயோவா ஊரில் எவனாவது பிஸ்கட் ரொட்டி மேல் ஒழுங்காகக் குழம்பு ஊற்றுகிறானா?

போனில் பேசலாமே என்று வெர்னாவிடம் சொன்னாயாம். பேச மாட்டேன். கிளப் கொடுத்த அந்த போன் நீ எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று எண்ணுகிறதாமே! தூங்குகிறவனை எண்ணுகிற ஒரு பொருளோடு எனக்கு என்ன பேச்சு? காகிதம் எதையும் எண்ணாது.

உங்கள் கிளப்பில் கணக்கு அறை என்று ஒன்று திறந்திருக்கிறார்களாம். ஐந்து பேர். ஒருவர் கையிலாவது காய்ப்பு உண்டா? மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லுவார்கள். நான் ஃபோர்ட் மேடன் அணியில் சம்பளத்துக்கு ஆடிய வருஷம் நூறு தடவை மட்டை பிடித்தால் முப்பத்து நாலு அடித்தேன். எவனும் என்னைக் கணக்குப் பார்க்கவில்லை, வாயைப் பிளந்து பார்த்தார்கள். நான் அடித்த ஒரு பந்து சரக்கு ரயிலில் விழுந்து டல்ஸாவில் போய் இறங்கியது.

ஒன்றை மறந்துவிடாதே. மூன்று வருஷத்துக்கு முன் இந்தக் கிளப் விண்ணப்பத்தை நிரப்பியது யார்? நீ பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உயரம் என்ற இடத்தில் ‘ஆறடி’ என்று நான்தான் போட்டேன். “மாமா, நான் அஞ்சடி எட்டு” என்று இழுத்தாய். “அட போடா, பேஸ்பால்ல எவன்டா தன் சொந்த உயரத்தை எழுதினான்? ஆட்டக்காரர் அட்டையில இருக்கிறவன் எல்லாம் அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சதைவிட உசரம்தான்” என்றேன். கீழே சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதே. அதன் சுழியைப் பார்த்தே உன்னை எடுத்திருப்பார்கள்.

நன்றாகச் சாப்பிடு. பால் குடி.

உன் மாமா,
டெல்பர்ட் கிரீலி


ஆஷ்போர்ட், அயோவா
ஏப்ரல் 19

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

நான் சௌகரியம். இங்கே பிஸ்கட் ரொட்டிக்கு வெண்ணெய்தான் தடவுகிறார்கள், குழம்பைப் பற்றிக் கேட்டால் முழிக்கிறார்கள். உங்கள் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? அம்மாவை ஏணியில் ஏறவிடாதீர்கள்.

கணக்கு அறையை அவ்வளவு திட்டாதீர்கள் மாமா. அங்கே இங்க்ரிட் என்று ஒரு அம்மா இருக்கிறார். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “அடிக்க வேண்டிய கட்டத்துக்கு வெளியே வர்ற பந்துல மத்தவங்க நூத்துக்கு முப்பதை அடிக்கப் போறாங்க. நீ பதினாறு. உன்னை அடிக்கிறதுக்காக எடுக்கல கோல்பி, அடிக்காம விடுறதுக்காக எடுத்தோம்” என்றார். என் கண்ணை யாரும் இப்படி எண்ணிப் பார்த்ததில்லை.

மே மாதத்திலிருந்து எங்கள் லீகில் பந்து உள்ளேயா வெளியேயா என்பதைக் கேமராக்கள் முடிவு செய்யும். அம்பயர் காதில் ஒரு கருவி சொல்லும், உள்ளே என்றால் அவர் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். எனக்கு நல்லதுதான். மனிதர்கள் என் கண்ணை ஏமாற்றலாம், கேமரா ஏமாற்றாதே.

ஒரு கவலை. ஆகஸ்ட் 31-ஆம் தேதி பன்னிரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பும் பட்டியல் ஒட்டுவார்கள். எனக்கு இது மூன்றாவது வருஷம். நாலாவது கிடைக்குமா என்பது இந்தக் கோடையில் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு முத்தம்.

தங்கள் மருமகன்,
கோல்பி


டில்மர்
ஏப்ரல் 30

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதம் கண்டு உன் உடம்பு சரியாக இருப்பதும், உன் புத்தி சரியாக இல்லாததும் தெரிந்துகொண்டேன். இங்கே சுகம். நான் இதை எழுதும்போது வெர்னா ஏணியில் ஏறித்தான் கூரையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாள், சொன்னால் கேட்டால்தானே.

முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவே, தரையில் பதித்த தட்டுக்கு மேலே, அதுதான் கட்டம்; அதற்குள் வந்தால் அடி. வராவிட்டால் விடு. உள்ளே வந்ததை மூன்று விட்டால் போய் உட்கார். வெளியே போனதை நாலு விட்டால் முதல் தளத்துக்கு நடந்து போ. நூற்றைம்பது வருஷமாக இவ்வளவுதான் பேஸ்பால். இதற்கு ஒரு கேமராவா? நாளைக்குக் கோழி முட்டை போட்டதா என்று பார்க்க ஒரு பட்டதாரியை வைப்பார்கள்.

எங்கள் காலத்து அம்பயர்கள் குருடர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதக் குருடர்கள். “என்ன சார், மனைவி கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாளா?” என்று கேட்டால் அடுத்த பந்தை நமக்குச் சாதகமாகக் கொடுப்பார்கள். கேமராவை என்ன சொல்லித் திட்டுவாய்? நான் திட்டிய திட்டில் ஒரு அம்பயர் தொழிலை விட்டுவிட்டு எருமை மேய்க்கப் போனார்.

அந்த இங்க்ரிட் அம்மாவிடம் சொல், என் சரக்கு ரயில் பந்து டெக்சஸ் வரை போனது என்று. அதை எண்ணட்டும்.

வெயிலில் தொப்பி போடு.

டெல்பர்ட் மாமா


ஆஷ்போர்ட்
மே 24

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. ஆட்டம்தான் சரியில்லை.

கேமரா வந்து பதினெட்டு ஆட்டம் ஆகிறது. அதில் பதினேழு தடவை மட்டையை அசைக்காமலே வெளியேறினேன். நெஞ்சுக்கு மேல் வருகிற பந்து, மாமா. டில்மரில் ஏழு வயசில் விட்ட அதே பந்து. விடுகிறேன். அம்பயர் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குகிறார். முந்தாநாள் அவரே என்னிடம் குனிந்து, “நானா இருந்தா வெளியதான் குடுப்பேன் தம்பி, இது சொல்லுது, நான் என்ன பண்ண?” என்றார்.

கட்டம் எல்லாருக்கும் ஒன்றில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. ஒவ்வொருவனுக்கும் தனிக் கட்டம். அட்டையில் இருக்கும் உயரத்தை வைத்துப் போடுகிறார்களாம்.

உங்கள் முட்டி எப்படி இருக்கிறது?

கோல்பி


டில்மர்
ஜூன் 10

அன்பு மருமகன் கோல்பிக்கு,

இங்கே மூவரும் சுகம். மூன்றாவது ஆள் நான் குளத்தில் பிடித்த கெளுத்தி, தொட்டியில் இருக்கிறது. நாற்பது பவுண்டு. அறுத்துச் சமைக்க மனசு வரவில்லை.

கோதுமை அறுவடை ஆரம்பித்துவிட்டதால் பதில் தாமதம். காலையிலிருந்து எடைமேடையில் லாரி மேல் லாரி. மில்லில் இருபத்தாறு வருஷம் எடை போடுகிறேன், ஒரு பவுண்டு கூடவோ குறையவோ என் கையால் சீட்டில் ஏறியதில்லை. போன செவ்வாய் டூயி ஹாட்ச் தன் இரண்டு மகன்களையும் கோதுமைக்குள் படுக்கவைத்துக் கொண்டுவந்தான். மேடை முள் நின்ற விதத்திலேயே கண்டுபிடித்தேன். “டூயி, உன் கோதுமை தும்முது” என்றேன். ஊரே சிரித்தது. எடை என்றால் எனக்கு விளையாட்டில்லை.

உங்கள் கேமராவைப் பற்றி என்ன எழுத? ஓட்டை உடைசல். அதைச் செய்தவன் பள்ளிக்கூடத்தில் யாராலும் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளப்படாதவன், இப்போது பழி தீர்க்கிறான். அவர்கள் ஐந்து பேரையும் ஒரு மூட்டையில் கட்டி எடை போட்டாலும் ஒரு ஆட்டக்காரன் தேறமாட்டான்.

நீ கொஞ்சம் நிமிர்ந்து நின்று பார்.

இன்னொரு லாரி வந்துவிட்டது.

மாமா


ஆஷ்போர்ட்
ஜூன் 28

மாமாவுக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

நிமிர்ந்துதான் நிற்கிறேன்.

பயிற்சியாளர் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். “உன் கண்ணுக்கு என்னய்யா ஆச்சு?” என்று கேட்டார். கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் என் கண்ணைப் பார்த்து, தனக்கு இப்படி இரண்டு கண் இருந்தால் பருந்தாகப் பறந்துவிடுவதாகச் சொன்னார்.

எங்கள் கேட்சர் ரூஸ்கோ உடை மாற்றும் அறையில் என்னை ‘ஆறடி’ என்றுதான் கூப்பிடுகிறான். “டேய் ஆறடி, அந்த மேல் அலமாரியில இருக்கிற சோப்பை எடுத்துக் குடு.” எல்லாரும் சிரிக்கிறார்கள். அவன் அட்டையும் மூன்று அங்குலம் வளர்ந்ததுதான். ஆனால் அவன் எது வந்தாலும் அடிக்கிறவன், கட்டம் எங்கே இருந்தால் அவனுக்கென்ன? விடுவதை நம்பிப் பிழைக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

கெளுத்தியைச் சமைத்துவிடுங்கள், பாவம்.

கோல்பி


டில்மர்
ஜூலை 21

என் கண்ணான மகனுக்கு அம்மா எழுதுவது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே வெயில் கொளுத்துகிறது, தக்காளி காய்த்துத் தள்ளுகிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் மாமாதான் சரியாக இல்லை.

மூன்று வாரமாகத் தினமும் உனக்குக் கடிதம் எழுதுகிறார். தபாலாபீஸுக்கு நடந்து போகிறார். உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்படியே திரும்பி வருகிறார். கேட்டால், “ஸ்டாம்ப் வெல ஏறிப்போச்சு, அந்தத் திருடனுங்களுக்குக் குடுக்க மாட்டேன்” என்கிறார். ஸ்டாம்ப் ஏற்கெனவே உறையில் ஒட்டியிருக்கிறது.

என் தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவைக் காணோம். மில்லின் எடை அறையிலே இருந்தது. என்ன செய்கிறீர்கள் என்றேன். “கதவை அளக்கிறேன், தெரியலையா?” என்று எரிந்து விழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விருந்தில் பாதிரியார், “உங்க பையன் இப்போ எவ்ளோ உசரம் டெல்பர்ட்?” என்று சும்மா கேட்டார். உன் மாமா தட்டிலிருந்த பீக்கன் பை இனிப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஐம்பத்தெட்டு வயசில் அவர் அந்த இனிப்பைப் பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்னடா?

ஆசிகளுடன்,
அம்மா


ஆஷ்போர்ட்
ஜூலை 31

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா எழுதியிருந்தார். பீக்கன் பையை மிச்சம் வைக்காதீர்கள்.

நேற்று இங்க்ரிட் கூப்பிட்டார். திரையில் நான் விட்ட பந்துகளையும் அடிக்கப் போன பந்துகளையும் புள்ளிகளாக வைத்திருந்தார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

“கண் கெட்டுப்போனா தப்பு நாலா பக்கமும் சிதறும். உனக்குச் சிதறல. மேல ரெண்டு விரல், கீழ ஒரு விரல். மே மாசமும் அதே, ஜூலையும் அதே. உன் கண்ணு எறங்கல கோல்பி. கட்டம் ஏறியிருக்கு.”

நான் அந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“உன் உயரம் என்ன?” என்றார்.

“ஆறடி” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உட்கார்ந்திருந்தேன், நல்லவேளை. விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தார். உயரத்துக்குக் கீழே, ‘மேற்கண்டவை உண்மை என்று உறுதி கூறுகிறேன், பொய்யானால் ஒப்பந்தம் ரத்தாகும்’ என்று அச்சடித்திருக்கிறது மாமா. அன்றைக்கு நாம் அதைப் படிக்கவில்லை. அதற்குக் கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே உங்களுடையது, சுழியோடு.

“மறுபடி கேட்கிறேன்” என்றார்.

“ஆறடி” என்றேன்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது பட்டியலுக்கு. மில்லில் கோதுமை தள்ள என் பழைய மண்வெட்டி இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோல்பி


டில்மர்
ஆகஸ்ட் 6

ஆஷ்போர்ட் கிளப்பின் கணக்கு அறையில் இருக்கும் இங்க்ரிட் அம்மணிக்கு,

தாங்கள் சுகமாக இருப்பீர்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலையில் உடம்புக்கு என்ன வரப்போகிறது?

உங்கள் தொழிலை நான் துளியும் மதிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதை வைத்து என்னைத் திருந்தியவன் என்று நினைத்துவிடக் கூடாது பாருங்கள்.

கோல்பியின் விண்ணப்பத்தில் ஆறடி என்று எழுதியது நான். அவன் எழுதவில்லை. அவனுக்கு அது தெரியாது. தன் உயரமே அவனுக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் யாரும் கண்ணாடியில் இடுப்புக்குக் கீழே பார்க்கிற வழக்கம் இல்லை. ஆறடி என்று அவன் உங்களிடம் சொன்னது என்னை நம்பி.

உங்கள் இயந்திரம் குருடு என்று மூன்று மாதமாக ஊர் முழுக்கச் சொல்லி வந்தேன். அது குருடில்லை. காகிதத்தில் இருப்பதை அப்படியே நம்புகிற அசடு. அதிலும் போயும் போயும் நான் எழுதியதை நம்பியிருக்கிறது. நான் சொல்வதை இந்த ஊரில் ஒரு நாய்கூட நம்பாது அம்மணி. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஐந்து பேர் இருந்தும் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

போன கிறிஸ்துமஸில் எடை அறைக் கதவில் அவனைச் செருப்பில்லாமல் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டேன். நான் அவனைவிட உயரம் என்று பந்தயம். அந்தக் கோட்டைப் போன மாதம் மூன்று தடவை அளந்தேன். முதல் இரண்டு தடவையும் ஏதாவது கூடி வரும் என்று பார்த்தேன். ஐந்தடி எட்டேகால். இருபத்தாறு வருஷம் எடைமேடையில் இருக்கிறவன் கொடுக்கும் அளவு இது. இதை நீங்கள் நம்பலாம். ஒரு லாரி கோதுமைக்கு நான் செய்யாததை என் தங்கை மகனுக்குச் செய்துவிட்டேன்.

ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டுமானால் சாட்சியை ரத்து செய்யுங்கள். நேரில் வரச் சொன்னாலும் வருகிறேன். பஸ் பிடிக்காது, ஆனாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
டெல்பர்ட் கிரீலி

பி.கு. ‘கட்டம் ஏறியிருக்கு’ என்று கண்டுபிடித்தீர்களாமே. மேடை முள்ளைப் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள். அந்தத் தொழிலில் வீணாகிறீர்கள்.


ஆஷ்போர்ட்
செப்டம்பர் 1

அன்புள்ள மாமாவுக்கு,

பட்டியல் நேற்று ஒட்டினார்கள். பன்னிரண்டு பேர். மூன்று தடவை படித்தேன். நான் இல்லை.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே இங்க்ரிட் என்னைச் சுவரோரம் நிறுத்தினார். காலுறையைக்கூடக் கழற்றச் சொன்னார். ஐந்தடி எட்டேகால். அந்தக் கால் உட்பட. அவர் உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி பார்த்துக்கொண்டார். மேலிடத்தில் ஒப்பந்தம் பற்றிப் பேச்சு வந்ததாம். “பொய்யான உயரம் எழுதினவனை எல்லாம் அனுப்பணும்னா, முதல்ல எல்லாரையும் அளக்கலாம்” என்றாராம் இங்க்ரிட். அளந்தார்கள். ஒரே காலையில் எங்கள் அணி முப்பத்தொரு அங்குலம் குட்டையாகிவிட்டது. ரூஸ்கோ தன் அம்மாவைக் கூட்டி வந்து சத்தியம் பண்ணச் சொல்வேன் என்று கத்தினான். அதற்குப் பிறகு ரத்து என்று யாரும் பேசவில்லை.

கட்டம் இறங்கியது. முதல் ஆட்டத்தில் நெஞ்சுக்கு மேல் வந்ததை விட்டேன். அம்பயர் காதைத் தொட்டார். கை எழவில்லை. மூன்று தடவை நடந்து போனேன் மாமா, முதல் தளத்துக்கு. இத்தனை மெதுவாக யாரும் நடந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஆறடிதான் காரணம் என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். மே மாதக் கடிதம் எழுதும்போதே தெரியும். நீங்கள் சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதத்தை இங்க்ரிட் கணக்கு அறைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறார். “இந்த மனுஷரோட மத்த நம்பரெல்லாம் எப்படி?” என்று கேட்டார். ஃபோர்ட் மேடன் முப்பத்து நாலைப் பற்றிச் சொன்னேன். சரக்கு ரயிலைப் பற்றியும். அவர் சிரிக்கவில்லை, பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டார்.

என்ன எழுதட்டும் மாமா?

கோல்பி


டில்மர்
செப்டம்பர் 9

அன்பு மருமகன் கோல்பிக்கு,

வெர்னா உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். கெளுத்தியை வறுத்தோம். ஒன்பது பவுண்டு இருந்தது.

அந்த அம்மா பென்சிலோடு காத்திருக்கிறாள், அவளுக்கு வேறு பிழைப்பில்லை. அதனால் ஒரே ஒரு தடவை எழுதுகிறேன். படித்ததும் இதைக் கிழித்துவிடு. அவளிடம் கொடுத்தால் இதற்கும் சராசரி போடுவாள்.

ஃபோர்ட் மேடனில் ஒன்பது ஆட்டம். இருபத்திரண்டு தடவை மட்டை பிடித்தேன். இரண்டு அடித்தேன். பத்தாவது நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது பட்டியல்கூட ஒட்டவில்லை, பஸ் டிக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள்.

சரக்கு ரயில் இல்லை. டூயி ஹாட்ச்சின் அப்பாவுடைய கோதுமை லாரி. நின்றுகொண்டிருந்த லாரி. பந்து எல்லைக்கு வெளியே போனது, அடித்த கணக்கில் சேராது.

நீ நாலாவது வருஷம் ஆடப்போகிறாய் என்று பாதிரியாரிடம் சொன்னேன். அவர் உயரம் கேட்டார். ஐந்தடி எட்டேகால் என்றேன். “அவ்ளோதானா?” என்றார். “அந்த அளவு போதும், கண்ணுக்கு” என்றேன். பீக்கன் பையை முழுசாகச் சாப்பிட்டேன்.

எடை அறைக் கதவில் உன் கோட்டுக்குப் பக்கத்தில் நேற்று என்னையும் நிறுத்தி வெர்னா கோடு போட்டாள், செருப்பில்லாமல். ஐந்தடி ஏழு என்கிறாள். ஐந்தடி ஏழரை. அந்த அரையை யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

தொப்பி போடு. பால் குடி. அங்கே குளிர் வரும்முன் ஊர் வந்து சேர்.

உன் மாமா,
டெல்பர்ட் கிரீலி